மேல் ஊருக்கு மூன்று வாரம்

அலுவலக ஜன்னல் மேடையில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பாட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றும் இருமல் மருந்து பாட்டில் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு காகிதத் துண்டு. அதன் மேல் ஊற்றுத் தண்ணீரை விட்டு, மூடி, இரண்டு நாள் அப்படியே வைத்துவிட வேண்டும். தண்ணீர் நல்லதாக இருந்தால் நிறம் மாறாது. மலக்கிருமி கலந்திருந்தால் மை போலக் கறுத்துவிடும். கீழ் ஊர் என்று சீட்டு ஒட்டிய ஆறில் இரண்டு கறுத்திருந்தன. மேல் ஊர் என்று ஒட்டியதில் ஆறும் கறுத்திருந்தன.

இந்த பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குவதால் அவளுக்கு ‘பாட்டில் அக்கா’ என்றே பேர் விழுந்துவிட்டது. நன்கொடையை நம்பி நடக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் பதினோரு வருஷமாக வேலை. டயர் கடை மாடியில் இரண்டு அறைதான் அலுவலகம். ஒரு மேனேஜர், ஒரு கொத்தனார், ஒரு பைப் ஃபிட்டர், அவள். எந்த ஊர்த் தண்ணீர் எப்படி, எந்த ஊருக்கு முதலில் வேலை தொடங்குவது என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. அவள் சொன்னால் மேனேஜர் மறுபேச்சு பேசமாட்டார்.

அன்றைக்கு அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு இரண்டே வரி. முதலில் மேல் ஊர், மூன்று வாரம். பிறகு கீழ் ஊர், மூன்று வாரம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலைதான்: ஊற்றைச் சுற்றிச் சுவர் கட்டி, மேலே சிலாப் போட்டு மூடி, குழாய் இழுத்துத் தெருவில் தொட்டி கட்டுவது. மழைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. மழை வந்துவிட்டால் மேல் ஊர்ப் பாதையில் ஆடு கூட இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு, அடுத்த படி.

வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு ஊர் வேலைக்கும் பணம் கொடுத்தவர் அவர்தான். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி போன வருஷம் தவறிவிட்டாள். அவள் நினைவாக, வீடு கட்டச் சேர்த்திருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தார். போனில் பலமுறை பேசியிருக்கிறார். நேரில் வருவது இதுதான் முதல் தடவை.

“உங்க படிக்கட்டு ஏறுறதுக்கே தனி டிக்கெட் போடணும்மா,” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சரிந்தார். “எனக்கு இடது முட்டிக்கும் வலது முட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும்.”

அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். மூச்சு நிதானத்துக்கு வர நேரமாயிற்று.

“ஒரு மாசத்துல நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். டாக்டரு தேதி குறிச்சுட்டாரு. திறக்கிறது உறுதின்னாரு. மூடுறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

“அப்படிப் பேசாதீங்க ஐயா.”

“சும்மா சொன்னேன் பாப்பா.” டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். “என் வீட்டம்மா சின்ன வயசுல மூணு மைல் குடம் சுமந்தவ. கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கு எங்க வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுட்டு, அரை மணி நேரம் சும்மா பாத்துக்கிட்டு நின்னா. எங்க அம்மா, மருமகளுக்குப் புத்தி சரியில்லையோன்னு பயந்துட்டாங்க. அந்த மாதிரி ஒரு குழாயில முதல் தண்ணி வர்றதை நான் பாக்கணும். ஒரு வாய் குடிக்கணும். அவ்வளவுதான் ஆசை. ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்துட்டா, அப்புறம் என்ன ஆனாலும் சரி.”

“முதல்ல மேல் ஊர் ஐயா. அங்க வண்டி போகாது. ரெண்டரை மணி நேரம் செங்குத்தா ஏறணும்.”

“தூக்கிட்டுப் போறதுன்னாலும் எண்பத்தி நாலு கிலோ. யாரைக் கொல்றது?” பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவர் போல, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “கீழ் ஊரை முதல்ல முடிக்க முடியாதா? ரெண்டையும் முடிக்கத்தானே போறீங்க. வரிசை மட்டும்தானே மாறுது. முடியாதுன்னா விட்டுடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். “உன் இஷ்டம்தான்,” என்றார்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கீழ் ஊர் மூன்று வாரம், மேல் ஊர் மூன்று வாரம், கையில் ஒரு வாரம் மிச்சம். இடையில் மேல் ஊருக்குக் குளோரின் மாத்திரை கொடுத்துவிடலாம். எப்படிப் பார்த்தாலும் சரியாகத்தான் வந்தது. எதிரே அந்த மனிதரின் விரல்கள் டம்ளரை விடாமல் பிடித்திருந்தன. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சரி ஐயா. கீழ் ஊரே முதல்ல,” என்றாள். குறிப்பில் இருந்த இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் எண்களை மட்டும் மாற்றிப் போட்டாள்.

*

மறுநாளே மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மேல் ஊருக்கு ஏறினாள். முப்பத்தொரு வீடு. சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஊருக்கு மேலே மாட்டுக் கொட்டகைகள். ஊருக்கு நடுவே திறந்த ஊற்று. கொட்டகை கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அங்கே போனால் அவள் தங்குவது ஆட்டுக்காரி வீட்டில். அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் வெளியூரில் சாலை வேலைக்குப் போயிருந்தான். ஒன்பது ஆடு, ஒரு கைக்குழந்தை, நாலு வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணை ஊரே ‘பொடிசு’ என்றுதான் கூப்பிடும். வாய் ஓயாது. பாட்டில் அக்காவைக் கண்டால் மடியில் ஏறிப் பையைக் கிளறுவாள். மூடிகளை எல்லாம் கழற்றித் திரும்பப் போடுவாள். எது எதன் மூடி என்று ஒரு தடவைகூட மாறாது.

“வேலை கொஞ்சம் தள்ளிப்போகுது,” என்றாள் இவள், மாத்திரைப் பொட்டலத்தை நீட்டியபடி. “மூணு வாரம். அதுவரைக்கும் குடத்துக்கு ஒண்ணு போட்டு, அரை மணி நேரம் விட்டுட்டு அப்புறம் குடிங்க. நாலு வாரத்துக்கு வரும். வேலைக்கு வர்றப்ப இன்னும் கொண்டுவர்றேன். எல்லா வீட்டுக்கும் பிரிச்சுக் கொடுத்துடு. தீர்ந்துபோச்சுன்னா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். என்ன?”

ஆட்டுக்காரி ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவள் சொல்லியிருப்பாள். சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்துகொண்டும் இருந்தாள்.

“மூணு வாரம்தானேக்கா,” என்றாள் ஆட்டுக்காரி. “நாங்க பொறந்ததிலிருந்து இதைத்தானே குடிக்கிறோம். நீ வேற, ஏதோ கல்யாணத்தையே நிறுத்தின மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கே.”

இறங்கும்போது பொடிசு ஊர் எல்லை வரை கூட வந்தாள். “எங்க ஊருக்குக் குழாய் வந்தா நான்தான் முதல்ல திறப்பேன்,” என்றாள். “நீதான் திறக்கணும்,” என்று இவளும் சொல்லிவிட்டு வந்தாள்.

*

கீழ் ஊரில் வேலை நான்கு வாரம் இழுத்தது. குழாய் புதைக்கத் தோண்டிய இடத்தில் பாறை. கொத்தனாரும் ஊர் ஆண்களும் உளி வைத்து அங்குலம் அங்குலமாக உடைத்தார்கள். மிச்சம் வைத்திருந்த ஒரு வாரம் அதிலேயே போயிற்று. ஆனாலும் மழைக்கு மூன்று வாரம் சரியாக இருந்தது. அவள் விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

திறந்து வைத்த அன்று கண்டக்டரை ஜீப்பில் கூட்டிவந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஃபிட்டர் வால்வைத் திறந்ததும் குழாய் முதலில் காற்றைத் துப்பியது. இருமுகிற மாதிரி ஒரு சத்தம்.

“என்னை மாதிரியே ஸ்டார்ட் ஆகுறதுக்கு நேரம் எடுக்குது,” என்றார் கண்டக்டர். கூட்டம் சிரித்தது.

கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. ஒரு பெண் டம்ளரில் பிடித்து அவரிடம் கொடுத்தாள். அவர் வாயில் வைத்து, ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவே இல்லை. பாட்டில் அக்காவும் அழுதாள். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நிறைவான நாள் வேறு ஒன்று அவளுக்கு இருந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே கொத்தனார் மேல் ஊருக்குச் சிமெண்ட் ஏற்றத் தொடங்கினார். மூட்டைகள் பாதி மலை வரை போய்ச் சேர்ந்தன. அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட மூன்று வாரம் முன்னதாக.

இரண்டாம் நாள் விட்டுவிடும் என்றார்கள். மூன்றாம் நாளும் விடவில்லை. ஆறாம் நாள் பாதையின் நடுப்பகுதி சரிந்து ஓடையில் போயிற்று. பாதி மலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த சிமெண்ட் எல்லாம் ஈரம் குடித்துக் கல்லாகிக் கிடந்தது.

மேல் ஊரில் போன் எடுக்க வேண்டும் என்றால் ஊருக்கு வெளியே ஒரு பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். மழை தொடங்கிப் பத்தாம் நாள் காலையில் அங்கிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியது யாரென்று தெரியவில்லை. காற்றுச் சத்தத்துக்கு நடுவே, “வயித்தால போகுது, வாந்தியும், ஏழெட்டு வீட்டுல,” என்பது மட்டும் கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

சுகாதார நிலையத்து நர்ஸையும் ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் மாத்திரையும் முதுகில் கட்டிக்கொண்டு அவள் உடனே கிளம்பினாள். சரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ரெண்டரை மணி நேர ஏற்றம் எட்டு மணி நேரம் ஆயிற்று. நாலு வாரத்து மாத்திரை எந்த நாளோடு தீர்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மழை தொடங்கிய நாளோடு.

*

ஊருக்குள் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நர்ஸ் முதல் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டாள். இவள் நேராக ஆட்டுக்காரி வீட்டுக்கு ஓடினாள்.

ஆட்டுக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் நனைந்த விறகு, பற்றாமல் கரிந்து கிடந்தது. பொடிசைக் காணவில்லை. இவள் மூலை மூலையாகப் பார்த்தாள்.

“நேத்து மத்தியானம்,” என்றாள் ஆட்டுக்காரி.

இவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திரை தீர்ந்ததும் கொதிக்க வெச்சேன்க்கா. நீ சொன்ன மாதிரியேதான். தினம் கொதிக்க வெச்சேன். அப்புறம் விறகு நனைஞ்சுபோச்சு. கொட்டகைக் கூரையிலிருந்து கழியை உருவி எரிச்சேன், அதுவும் தீர்ந்துபோச்சு. ரெண்டு நாள்தான் கொதிக்க வெக்கலை. ரெண்டே நாள்.” குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “தண்ணி தண்ணின்னு கேட்டா. கேக்கக் கேக்கக் குடுத்தேன். குடுக்கக் குடுக்கப் போச்சு. வேற என்ன குடுக்கிறதுன்னு தெரியலை. அதையே குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த வாரம் மேல் ஊரில் மூன்று பேர் போனார்கள். பொடிசு, கடைசி வீட்டில் ஒரு வயதுக் குழந்தை, ஒரு கிழவர். நர்ஸ் போயிருக்காவிட்டால் இன்னும் எத்தனையோ. நர்ஸும் ஃபிட்டரும் அவளும் ஒன்பது நாள் அங்கேயே இருந்து வீடு வீடாகக் கரைசல் புகட்டினார்கள், குடம் குடமாக மாத்திரை போட்டார்கள். ஊர் அவளைக் கும்பிட்டது. ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், விடவும் முடியாமல் அவள் நின்றாள்.

தன் வீட்டுக்குத் திரும்பி வந்த சாயங்காலம் அவள் புருஷன் டீ போட்டுக் கொடுத்தான். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கொஞ்சமாகத்தான் பேசுவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ என்ன மழையையா வரவழைச்சே?” என்றான்.

“இல்லை,” என்றாள். “நம்பரைத்தான் மாத்திப் போட்டேன்.”

டீ ஆறிப்போனதும் அவன் எடுத்துக்கொண்டுபோய் மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தான்.

*

கண்டக்டருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லிஃப்டில் அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஆள் பாதியாகியிருந்தார். நெஞ்சில் கட்டு, மூக்கில் குழாய். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மூடிட்டாங்க பாப்பா,” என்றார். இருமல் வந்தது. நெஞ்சைத் தலையணையால் அழுத்திக்கொண்டு இருமினார். “நெனவு வந்ததும் வாய் அப்படியே காஞ்சு கிடந்துச்சு. தண்ணி குடுக்க மாட்டேன்னுட்டாங்க. சரின்னு கண்ணை மூடிக்கிட்டு, அன்னிக்குக் குடிச்ச தண்ணியை நெனச்சுக்கிட்டேன். தாகம் அடங்கிடுச்சு. நெசமாத்தான்.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல் ஊரு என்ன ஆச்சு?”

“மழை ஐயா. பாதை சரிஞ்சுடுச்சு. மழை விட்டதும் முடிச்சுடுவோம்.”

“பாவம். அதுங்க அதுவரைக்கும் சமாளிக்கணுமே.”

“ஆமாங்க ஐயா.”

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. வார்டு நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

*

மழை விட்டதும் பாதையை வெட்டிச் சீராக்கினார்கள். புதிதாகச் சிமெண்ட் ஏறியது. மேல் ஊரில் வேலை சரியாக மூன்று வாரம்தான் எடுத்தது.

விழா எதுவும் வைக்கவில்லை. ஒரு காலை வேளையில் ஃபிட்டர் வால்வைத் திறந்தார், தண்ணீர் வந்தது, பெண்கள் குடங்களோடு வந்தார்கள். குடம் நிரம்பும் சத்தம் மட்டும் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குடத்தைக் கழுவி, குழாயடியில் வைத்துவிட்டு நின்றாள்.

அப்போது சொன்னாள் இவள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் அந்த மலையை விட்டு இறங்க அவளால் முடியாது. “உங்க ஊருதான் முதல்ல இருந்துச்சு. நான்தான் மாத்தினேன்.” எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில் கறுத்ததை, முட்டி வலிக்காரரை, எண்களை மாற்றிப் போட்டதை.

குடம் நிரம்பி வழியத் தொடங்கியது. ஆட்டுக்காரி குழாயை மூடவில்லை. தண்ணீர் அவள் காலடியில் ஓடிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள் ஒருவழியாக.

“இல்லை.”

“சொல்லாதீங்க.” வழிகிற குடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நடக்க முடியாதவரு. நெஞ்சு வேற சரியில்லைங்கறீங்க. அவரு இந்த ஊரைக் கண்ணால கூடப் பாத்ததில்லை. அவருக்கு என்ன தெரியும்?”

குழாயை மூடினாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து குடத்தைத் தூக்கினாள். இவள் கை கொடுக்கப் போனாள். ஆட்டுக்காரி விலகிக்கொண்டாள், கோபமாக இல்லை, வழியில் நிற்கும் ஒரு ஆளை ஒதுங்கிப் போவது போல.

“நீங்க இந்த ஊரைப் பாத்தீங்க,” என்றாள். “அவளை மடியில வெச்சிருந்தீங்க. இனிமே இங்க வராதீங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து ‘நீங்க’ என்ற சொல் இவளுக்காக ஒரு தடவையும் வந்ததில்லை. ‘அக்கா’ என்ற சொல்லும் இப்போது அதில் இல்லை. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். குடம் தளும்பவில்லை.

அதன் பிறகு மேல் ஊர் வேலைகளுக்கு ஃபிட்டர்தான் போகிறார். வாஷர் மாற்ற, தொட்டி கழுவிவிட, சோதிக்கத் தண்ணீர் பிடித்துவர. திரும்பி வந்ததும் அவள் தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்பாள். நன்றாக வருகிறது என்பார். வேறு யாரைப் பற்றியும் அவர் தானாகச் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை.

கண்டக்டர் தேறிவிட்டார். மாதம் ஒரு தடவை படியேறி வருகிறார். இப்போது அவ்வளவு மூச்சு வாங்குவதில்லை. வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பழைய பஸ் கதைகளைச் சொல்லி மேனேஜரைச் சிரிக்கவைப்பார். போன வாரம் வந்தபோது, கிளம்புகிற நேரத்தில் ஊன்றுகோலை ஊன்றி எழுந்துகொண்டே அவளிடம் சொன்னார்.

“மேல் ஊருக்கு என்னால இந்த ஜென்மத்துல ஏற முடியாது பாப்பா. அடுத்த தடவை நீ போறப்ப, எனக்காக அந்தக் குழாயில ஒரு வாய் குடிச்சுட்டு வா. என்ன?”

“சரிங்க ஐயா,” என்றாள் அவள். அவர் விழுந்துவிடாமல் இருக்கக் கையைப் பிடித்து, படி படியாகக் கீழே இறக்கிவிட்டு வந்தாள்.